இறங்க நேர்ந்தது

ஆறுச்சாமி வாய் திறந்து பேசி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் போன நான்கு பேரில் உயிரோடு மேலே வந்தவர் அவர் ஒருவர்தான். உள்ளே தேங்கியிருந்த வாயு அவருடைய மூளையில் ஏதோ ஒரு மூலையை அணைத்துவிட்டிருந்தது. காது கேட்கும். எல்லாம் புரியும். நினைவும் தெளிவாக இருக்கும். நாக்கும் கையும் காலும் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. கண்களை அசைப்பார், இமைகளை மூடித் திறப்பார், அவ்வளவுதான்.

இப்போது அவர் ஈரோட்டில் விசாரணை ஆணையத்தின் முன்னால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுற்றி மெல்லிய பட்டை ஒன்று. அதிலிருந்து போன கம்பி தாரணியின் கணினியில் முடிந்தது. அவர் சொல்ல நினைப்பது சுவரிலிருந்த பெரிய திரையில் எழுத்தாக ஓடியது.

நினைப்பை எழுத்தாக்கும் அந்த மென்பொருளுக்கு, எடிட்டருக்கு, ‘சொல்லி’ என்று பெயர். பேச்சிழந்தவர்களுக்காகச் சென்னையில் ஒரு நிறுவனம் செய்தது. தாரணி அங்கே பொறியாளர். ஆறுச்சாமியின் நரம்புகள் அனுப்பும் மெல்லிய துடிப்புகளைப் படித்து, அவற்றைச் சொற்களோடு பொருத்த ஒரு மாதம் போல அவள் ஈரோட்டிலேயே தங்கியிருந்தாள். முதல் முறை திரையில் எழுத்து வந்தபோது, அவர் தன் மனைவி சரசாவைத்தான் கூப்பிட்டார். “சரசூ, காப்பித்தண்ணி குடிச்சயா?” என்று வந்தது. சரசா அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அவள் தாரணியைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாள். தாரணிக்கு அது கூச்சமாக இருந்தது.

ஆணையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி கோமதிநாயகம். மெதுவாகப் பேசுகிற, யாரையும் வாங்க போங்க என்று அழைக்கிற மனிதர். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எடிட்டரில் புதிதாக ஒரு பக்கம் திறக்கும். பதில் முடிந்ததும் அவர் தலையசைப்பார். பக்கம் முத்திரையாகும். அதன்பிறகு அதை யாராலும் தொட முடியாது.

“அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க, ஆறுச்சாமி” என்றார் நீதிபதி.

திரையில் எழுத்து ஓடியது.

“பம்பு அடச்சுக்கிச்சுங்க. நாங்க நாலு பேரும் டீ குடிச்சுட்டு இருந்தமுங்க. மேனேஜரு வந்தாரு. வந்து…”

அடுத்து மேலாளர் சொன்னது வந்தது. அவர்களை எப்படிக் கூப்பிட்டார் என்பது வந்தது. சாதியைச் சொல்லும் அந்த ஒரு சொல், கூடவே அவர்களுடைய தாய்மாரைப் பற்றி ஒரு வசை, பிறகு ‘எறங்குங்கடா’ என்ற கட்டளை. சுவரில் ஆளுயரத்துக்கு நின்றன அந்த எழுத்துகள்.

மண்டபத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பட்டறை உரிமையாளரின் வக்கீல் ரகுராமன் எழுந்தார்.

“மை லார்ட், பெண்கள் உட்கார்ந்திருக்கிற சபை இது. பத்திரிகைக்காரங்க இருக்காங்க. இப்படியே ஓட விட்டா எங்க போய் நிக்கும்?”

நீதிபதிக்கும் முகம் சுருங்கியிருந்தது. அவர் தாரணியின் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பக்கத்தை விட்டுடலாம். நான் திரும்பக் கேக்கறேன். ஏம்மா, இது கொஞ்சம் நாகரிகமா வர்ற மாதிரி பண்ண முடியுமா? அர்த்தம் மாறக் கூடாது.”

“முடியும் சார்.”

“நிறுத்தணுமா?”

“நிறுத்தினா அவரோட நரம்பை மறுபடி மொதல்லேர்ந்து படிக்கணும் சார். நிறுத்தாமலே செய்யலாம். இந்த எடிட்டர் எழுந்திரிக்கும்போதே எந்த ஊர், எந்த மொழி, யார் முன்னாடி பேசறோம்னு சுத்துப்புறத்துலேர்ந்து சில விஷயங்களை வாங்கி வெச்சுக்கும். சூழல் மாறிகள்னு சொல்வோம். அதுல மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. ஓடிட்டிருக்கும்போதே உள்ளேருந்து அதைக் கூட்டிட்டா, இனிமே திறக்கிற பக்கமெல்லாம் மரியாதையா வரும்.”

“பழைய பக்கம்?”

“அது திறக்கும்போது என்ன இருந்ததோ அப்படியே இருக்கும் சார்.”

“சரி, செய்யுங்க.”

அவள் ஏற்கெனவே செய்துவிட்டிருந்தாள். நீதிபதி கேட்டு முடிப்பதற்கு முன்பே அவளுடைய விரல்கள் அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டிருந்தன. ‘மரியாதை = அதிகம்’. சபைக்காக அவள் அதை அடிக்கவில்லை. திரையில் அந்தச் சொல் நின்ற நேரம் முழுவதும் அவளுக்கு, மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் திரையை விட்டுத் தன்னைத் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா திண்டுக்கல்லில் சாக்கடைக்குள் இறங்கிய மனிதர். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு அவர் நின்ற ஒரு சாயங்காலம், பின்னாலிருந்து ஒரு பையன் அதே சொல்லைச் சொன்னான். அவள் அப்பாவைத் தெரியாதவள் போலத் தாண்டி நடந்தாள். சென்னை அலுவலகத்தில் சாப்பாட்டு மேஜையில் யாராவது கேட்டால் “அப்பா நகராட்சியில வேலை” என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கைவிடப்பட்ட பக்கம் மூடியது. சுவர் வெறுமையானது. அவளுக்கு மூச்சு வந்தது.

“திரும்பவும் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

“பம்பில் அடைப்பு ஏற்பட்டிருந்தது. துப்புரவுப் பணியாளர்களை இறங்கும்படி மேலாளர் கேட்டுக்கொண்டார்” என்று வந்தது.

மண்டபம் தளர்ந்தது. ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். நீதிபதி மனநிறைவோடு தலையசைத்தார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பணியாளர்கள் தயக்கம் தெரிவித்தனர்.”

“அப்புறம்?”

“பாதுகாப்புக் கயிறு இல்லாத நிலையில் இறங்க நேர்ந்தது.”

ஆறுச்சாமியின் கண்கள் திரையில் இருந்தன. அவை இடமும் வலமும் வேகமாக ஓடின. பட்டையின் ஓரத்தில் சின்ன விளக்கு சிவப்பாகத் துடித்தது. அவர் மறுபடியும் எதையோ முழு பலத்தோடு சொல்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

“இறங்க நேர்ந்தது.”

விளக்கு துடித்தது.

“இறங்க நேர்ந்தது. இறங்க நேர்ந்தது. ஏணி அவ்விடத்தில் இல்லாமல் போயிற்று. எதிர்பாராத விதமாக மூவர் உயிரிழந்தனர். உயிரிழந்தனர்.”

“புரியுதுங்க” என்றார் நீதிபதி கனிவாக. “சிரமப்படாதீங்க. சொன்னது பதிவாயிடுச்சு.”

அவர் தலையசைத்தார். பக்கம் முத்திரையானது.

அப்போதுதான் தாரணிக்குப் புரிந்தது. அவர் ‘இறங்கினோம்’ என்று சொல்லவில்லை. ‘எறக்குனாங்க’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏணி இல்லாமல் போகவில்லை. யாரோ அதை எடுத்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு முறையும் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார், எடிட்டர் ஒவ்வொரு முறையும் அந்த ஆளை மரியாதையாக வெளியே அனுப்பிவிடுகிறது.

சரசா பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்தாள். “சாமி, அவரு இப்படியெல்லாம் பேச மாட்டாருங்க” என்றாள்.

“சபைன்னா கொஞ்சம் மரியாதையாப் பேசத்தானேம்மா வேணும்? நல்லாத்தான் பேசறார். உட்காருங்க” என்றார் நீதிபதி.

ஆறுச்சாமி திரையிலிருந்து கண்களை எடுத்தார். அவை நீதிபதியைத் தாண்டி, வக்கீலைத் தாண்டி, தாரணியிடம் வந்து நின்றன. அவள் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. மதிய இடைவேளை அறிவிக்கும் வரை அவள் குனிந்தே இருந்தாள்.

*

மண்டபத்துக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துமிடத்தில், வேப்பமரத்தடியில் நின்று தாரணி தன் மேலாளர் வாசுதேவனைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“சரி, மாறியைப் பழையபடி வெச்சிடு” என்றார் அவர். “இதுக்கா ஃபோன் பண்ணின?”

“வெச்சுட்டேன் சார். இனிமே வர்ற பக்கத்துக்குத்தான் அது. முத்திரையான பதிலெல்லாம் போனது போனதுதான். அவர் உண்மையில என்ன சொன்னார்னு எங்கேயும் இல்ல. நரம்புத் துடிப்பைச் சேமிக்கக் கூடாதுன்னு நாமதானே வெச்சிருக்கோம்.”

“சேமிச்சா கேஸ் போடுவாங்க.”

“சார், அந்த மரியாதை மாறிக்கு எதை வெச்சுப் பழக்கினோம்?”

“கவர்மென்ட் கடிதம், அறிக்கை, கம்பெனி சுற்றறிக்கை, மேடைப் பேச்சு. நாகரிகமான தமிழ் எல்லாமே. ஏன்?”

“அதுல யாரும் எதையும் செய்யறதில்ல சார். எல்லாம் தானா நடக்குது. குழாய் உடைய நேர்ந்தது, காலதாமதம் ஏற்பட்டது, உயிரிழப்பு நிகழ்ந்தது. அவர் கொன்னுட்டாங்கன்னு சொல்றார். அது உயிரிழந்தனர்னு எழுதுது.”

வாசுதேவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தாரணி, கேளு. ஆஸ்பத்திரியில, முதியோர் இல்லத்துல, போலீஸ் ஸ்டேஷன்ல, எங்கெல்லாம் நம்மது ஓடுதோ அங்கெல்லாம் மரியாதை அதிகத்துலதான் இருக்கு. வாங்கறவங்களே கேட்டு வெச்சுக்கறாங்க. நர்ஸைத் திட்டக் கூடாது, டாக்டரை எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு. நீ இன்னிக்கு எழுந்து வாயைத் திறந்தா அத்தனை பேர் பேசினதும் சந்தேகமாயிடும். அத்தனை பேருக்கும் மறுபடி வாய் போயிடும். யோசிச்சுக்கோ.”

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளைத் தின்றது. எங்கோ ஒரு படுக்கையில் ஒரு கிழவர் ‘அடிக்கிறாங்க’ என்று சொல்லிச் சொல்லி, திரையில் ‘சற்று அசௌகரியமாக உள்ளது’ என்று வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தத் திரையும் இல்லாமல் போனால்?

“ஏனுங் மேடம், சாப்பிட்டீங்களா?”

சரசா ஒரு தூக்குப்போசியோடு நின்றாள். “தயிர் சாதமுங்க. அவருக்குக் கரைச்சு ஊட்டிட்டேன். உங்களுக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன்.”

தாரணி வாங்கிக்கொண்டாள். சுவரோரம் இருந்த கல்லில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?” என்றாள் சரசா. “காலைல வந்தது என்ற புருசன் பேச்சேதானுங்க. அவரு பேசற மாதிரியே இருந்துச்சு. அப்புறமா வந்தது ஆரோ ஆப்பீசர் பேசற மாதிரி இருக்குதே. அவருக்குள்ள ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா? டாக்டரு சொல்லியிருந்தாரு, போகப் போகப் புத்தியும் மங்கலாமுன்னு. அதான் பயமா இருக்குது.”

உண்மையைச் சொல்ல இதைவிட எளிய இடம் கிடைக்காது. தாரணி சோற்றைப் பிசைந்தாள்.

“அதெல்லாம் இல்லக்கா. களைப்பா இருப்பார்.”

“அப்படீங்களா.” சரசாவுக்கு முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்க்க முடியாமல் தாரணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உங்களுக்கு எந்த ஊருங் மேடம்?”

“திண்டுக்கல்.”

“அப்பா என்ன பண்றாரு?”

“நகராட்சியில வேலை.”

“ஓ. எங்காளுங்க கூட நெறையப் பேரு நகராட்சியிலதான்…” என்று ஆரம்பித்த சரசா பாதியில் நிறுத்தினாள். தாரணியின் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, “நல்லாச் சாப்பிடு கண்ணு” என்றாள். காலையிலிருந்து மேடம், மேடம் என்றவள்.

தாரணி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

*

மதியம் ஆணையம் மறுபடி கூடியபோது, நீதிபதி முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே தாரணி எழுந்து நின்றாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், காலையில முத்திரையான பதில்கள் தப்பு. நான் மாத்தின மாறியால அவர் சொன்னது வேறயா எழுதப்பட்டிருக்கு. அர்த்தம் மாறாதுன்னு நினைச்சேன். மாறியிருக்கு. அவர் மூணு தடவை சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சது. நான் சொல்லல.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “தெரிஞ்சும் சொல்லலையா?”

“இல்ல சார்.”

ரகுராமன் காத்திருக்கவில்லை. “மை லார்ட், அப்படின்னா காலையில சொன்னது மட்டும் தப்பு, இப்ப சொல்லப்போறது சரின்னு எப்படி நம்பறது? ஒரு வரியைத் தட்டினா சாட்சியோட வார்த்தையே மாறுதுன்னு இவங்களே ஒத்துக்கறாங்க. இந்த மெஷின் வழியா வந்த எதையும் ஏத்துக்கக் கூடாது.”

அவர் கேட்டதில் குறை சொல்ல எதுவுமில்லை. மாற்றச் சொன்னது தான்தான் என்பது நீதிபதிக்கும் உறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் தீர்ப்பைச் சொல்லும்போது அவர் ஆறுச்சாமியைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் வழியாக வந்த சாட்சியம் முழுவதும் தள்ளுபடி என்றார். பட்டையைக் கழற்றச் சொன்னார்.

தாரணிதான் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. அவருடைய நெற்றியில் பட்டை அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. ஒரு வருடம் கழித்துக் கிடைத்த வாயைத் தன் கையாலேயே மூடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. “மன்னிச்சிருங்கண்ணா” என்றாள். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

“இனி இவர் எப்படிச் சாட்சி சொல்றது?” என்று நீதிபதி பொதுவாகக் கேட்டார்.

சரசா தன் பையிலிருந்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதில் உயிரெழுத்துகள் ஒரு பக்கமும் மெய்யெழுத்துகள் இன்னொரு பக்கமும் எழுதியிருந்தன. “மெஷினு வர்றதுக்கு முந்தி ஆஸ்பத்திரியில குடுத்ததுங்க. அவரு எந்த எழுத்தப் பாக்கறாரோ அதை நாம சத்தமாச் சொல்லோணும். சரின்னா இமைய மூடுவாரு. ஒரு வார்த்தைக்கே நேரம் புடிக்கும். ஆனா அவரு சொன்னதுதான் வரும்.”

ரகுராமன் அதையும் மறுத்தார். மனைவி படித்தால் தனக்கு வேண்டியதைத்தான் படிப்பார் என்றார். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டு, சாட்சியே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும், அந்த ஆள் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுப் படிக்கட்டும் என்றார். ஆணையத்தின் எழுத்தர், ஒரு பள்ளித் தலைமையாசிரியை, ஒரு மருத்துவர் ஆகியோரை முன்னால் நிறுத்தினார்கள்.

ஆறுச்சாமி அவர்களைப் பார்க்கவில்லை. அவருடைய கண்கள், மூலையில் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த தாரணியிடம் போயின.

“அவங்களா?” என்றாள் சரசா நம்பாமல்.

அவர் இமைகளை மூடினார்.

“சபையை ஏமாத்தினவங்களே இவங்கதான்!” என்றார் ரகுராமன்.

“ஏமாத்தினேன்னு எழுந்து சொன்னதும் அவங்கதான்” என்றார் நீதிபதி. “வாங்கம்மா.”

தாரணி நாற்காலியின் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, தாளைத் தங்கள் இருவரின் முகத்துக்கும் நடுவே பிடித்தாள். எழுத்துகளுக்கு அப்பால் அவருடைய கண்கள். அவள் எழுத்துகளைச் சத்தமாகச் சொன்னாள். இமைகள் மூடின. அடுத்தது. எழுத்தர் எழுதிக்கொண்டே வந்தார். ‘மேனேஜரு வந்தாரு’ என்ற இரண்டு சொற்களுக்கே அவளுடைய கைகள் வலிக்க ஆரம்பித்தன.

அடுத்த சொல்லின் முதல் எழுத்து வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது எழுத்தைச் சொல்லும்போது குரல் உள்ளே போனது.

“சத்தமா” என்றார் எழுத்தர்.

இங்கே நிறுத்தி, ‘தகாத ஒரு சொல்’ என்று மட்டும் சொல்லலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நீதிபதிகூட நிம்மதியடைவார். தாளுக்கு அப்பால் ஆறுச்சாமி இமைக்காமல் காத்திருந்தார். அவள் மிச்ச எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் இமையை மூடினார். பிறகு முறைப்படி முழுச் சொல்லையும் சேர்த்து ஒரு முறை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். எந்தச் சொல்லைக் கேட்டு அப்பாவைத் தாண்டி நடந்தாளோ, அந்தச் சொல்லை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி தன் வாயால் சொன்னாள்.

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார். “ஐயா, இத அப்படியே போடறதுங்களா?”

நீதிபதி மேஜையைப் பார்த்துக்கொண்டே, “போடுங்க” என்றார்.

சாயங்காலம் வரை அது நடந்தது. ‘வேண்டாம்னோம்’ என்று வந்தது. ‘புடிச்சு எறக்குனாங்க’ என்று வந்தது. ‘மொதலாளி மேல நின்னு பாத்தாரு. ஏணிய எடுக்கச் சொன்னாரு. அடப்பு எடுத்தாத்தான் ஏணின்னாரு’ என்று வந்தது. கடைசியாக ‘கொன்னுட்டாங்க’ என்று வந்தபோது சரசா தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

ரகுராமன் எழுந்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது, அதுவும் தாரணியிடம்.

“சாட்சிக்கும் உங்களுக்கும் உறவு ஏதாவது உண்டா?”

“இல்லைங்க.”

“ஒரே சமூகமா?”

நீதிபதி தடுக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் தாரணி பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

“என் அப்பா திண்டுக்கல்ல சாக்கடை அள்ளினார். இப்ப நான் படிச்ச சொல் அவருக்கும் சேத்துச் சொல்ற சொல்தான். காலையில அது திரையில வந்தப்போ, யாராவது என்னைப் பார்த்துடுவாங்களோன்னுதான் அவசரமா மாத்தினேன். சபைக்காக மாத்தல.”

“இதுதான் சார் பாரபட்சம்” என்றார் ரகுராமன்.

“இங்க சாதி இல்லாம யாரும் உட்கார்ந்திருக்கல, வக்கீல் சார். உங்க நாற்காலியிலயும் இல்ல, என் நாற்காலியிலயும் இல்ல. உட்காருங்க” என்றார் நீதிபதி.

*

மறுநாள் செய்தித்தாள்களில் தாரணியின் பெயர் வந்திருந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்திய நிறுவனம், பயனாளர்களின் மனநலத்துக்காக மரியாதை மாறியை மேலும் மேம்படுத்துவதாக அறிவித்தது. அப்பா ஃபோன் செய்தார்.

“ஏம்மா சொன்ன?” என்றார். கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. “ஒனக்குத் தலகுனிவு வரக் கூடாதுன்னுதானே ஒன் ஆபீசுப் பக்கமே வராம இருந்தேன்.”

அது தனக்காக அவர் செய்துகொண்டிருந்த ஏற்பாடு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தான் மறைப்பதாகத்தான் நினைத்திருந்தாள். அவரும் மறைந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆணையத்தின் அறிக்கை மழைக்காலத்தில் வந்தது. சரசா கூப்பிட்டாள். “எங்களுக்குப் படிச்சுச் சொல்ல ஆளில்லீங்க கண்ணு. நீயே வந்து அவருக்குப் படிச்சுக் காட்டு” என்றாள்.

பேருந்திலேயே தாரணி அதைப் படித்துவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. காலனி நிறுத்தத்தில் இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கிய சந்து வழியாக நடந்தபோதும் அந்த எண்ணம் போகவில்லை.

ஆறுச்சாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். சரசா ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். தாரணி பக்கத்தைப் புரட்டினாள்.

“இதுதாங்க முக்கியமான இடம்” என்று சொல்லிவிட்டுப் படித்தாள். “‘பணியாளர்களை நோக்கி மேலாளர் சில தகாத வார்த்தைகளைப் பயன்படுத்தியதாகத் தெரியவருகிறது. தொடர்ந்து, உரிய பாதுகாப்பின்றிப் பணியாளர்கள் தொட்டிக்குள் இறங்க நேர்ந்துள்ளது. இது நிர்வாகத்தின் கவனக்குறைவைக் காட்டுகிறது.’”

சரசா புரியாமல் பார்த்தாள்.

“மறுக்காவும் அந்த மெஷினப் போட்டுட்டாங்களா?”

“மெஷின் இல்லக்கா. நீதிபதி அவர் கையால எழுதினது.”

“அன்னிக்கு அவருதானே போடுங்கன்னாரு?”

“சாட்சியத்துல போட்டிருக்காங்க. பின்னாடி இணைப்புல அப்படியே இருக்கு. ஆனா அரசாங்கம் நடவடிக்கை எடுக்கறது இந்த அறிக்கையை வெச்சுத்தான். அந்தச் சொல் இங்க இல்ல. அதனால வன்கொடுமைச் சட்டம் வராது. யாரு எறக்கினதுன்னும் இங்க இல்ல. அதனால கொலையும் வராது. அபராதம் கட்டச் சொல்லியிருக்காங்க.”

சரசா சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே மழை வலுத்தது. தாரணிக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூசியது. அறிக்கையை எழுதியது அவளில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் பல வருடங்களாக அவள் பேசி வந்த தமிழ் அது.

ஆறுச்சாமியின் கண்கள் அலமாரிப் பக்கம் போயின. சரசா பிளாஸ்டிக் தாளை எடுத்துத் தாரணியிடம் கொடுத்தாள். தாரணி அதைத் தூக்கிப் பிடித்து, அவர் பார்க்கும் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ‘கோர்ட்டுக்குப் போலாம்’ என்று வந்தது. நிறுத்துவார் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. எழுத்து எழுத்தாக இன்னொரு வாக்கியம் வந்தது.

‘அங்கயும் நீயே படி.’

“அந்தக் கருமத்த மறுபடியும் உன்ற வாயால சொல்லோணுமே கண்ணு” என்றாள் சரசா. “பெரிய கோர்ட்டு. நெறைய ஆளுக இருப்பாங்க.”

தாரணி தாளைக் கீழே இறக்கினாள். அதுவரை எழுத்துகளின் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கண்களை நேராகப் பார்த்தாள்.

“படிக்கிறேங்கண்ணா” என்றாள். “எங்கப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்.”